வார்மர் வரையும் மேசையில் சிஸ்டருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும், இறக்குமதியை நம்பிக்கொண்டே இருக்கக் கூடாது என்று அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரகடம் மருத்துவக் கருவிப் பூங்காவைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். பத்தொன்பது வருடமாக நான் சாப்பிடுகிற சோறு அந்தத் தொழிலில் வருவது. ஆனால் கட்டுரை முழுக்க நிலம், மானியம், ஏற்றுமதி என்றே போனது. கருவியை யார் கையில் கொடுக்கப் போகிறோம், கொடுக்கும் முன் அந்தக் கையை ஒருமுறையாவது பார்த்தோமா என்ற பேச்சைக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். அப்பாவுக்கு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. நான் பயோமெடிக்கல் படித்துவிட்டு ஓசூரில் குடியிருக்கிறேன். தினமும் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். மருத்துவக் கருவி வடிவமைக்கும் ஒரு நிறுவனம். அதில் டிசைன் குவாலிட்டி பிரிவு. கருவியை வரைவது என் வேலை இல்லை. வரைகிறவர்கள் எதை மனதில் வைத்து வரைந்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், எதை ஏன் மாற்றினார்கள் என்று விடாமல் கேட்டு எழுதி வைப்பது என் வேலை. அப்படிச் சேரும் கட்டுக்கு டிசைன் ஹிஸ்டரி ஃபைல் என்று பெயர். இந்த நடைமுறை மொத்தத்தையும் டிசைன் கண்ட்ரோல் என்பார்கள்.

தெரிந்தவர்கள் கேட்டால் ஜாக்கெட் தைப்பதை வைத்துத்தான் நான் இதைச் சொல்வேன். டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்து, கழுத்து இவ்வளவு இறக்கம், கை முழங்கை வரை என்று சொல்கிறோமே, அது இன்புட். அவர் நோட்டில் எழுதிக்கொள்ளும் அளவும், துணியில் போடும் சாக்பீஸ் கோடும் அவுட்புட். தைத்து முடித்ததும் டேப் வைத்து அளந்தால் எல்லாம் சொன்னபடியே இருக்கிறது. இது வெரிஃபிகேஷன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விடுகிறது. டேப்பில் தப்பில்லை. கையைத் தூக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, போட்டுப் பார்க்கவும் இல்லை. அந்தப் போட்டுப் பார்ப்பதுதான் வேலிடேஷன். ஜாக்கெட்டாக இருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். பிறந்து பத்து நிமிடம் ஆன குழந்தையைப் படுக்க வைத்து ஹீட்டரால் சூடு கொடுக்கிற வார்மராக இருந்தால் என்ன செய்வது?

இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1983 அக்டோபரில் இருந்து 1989 செப்டம்பர் வரை சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற கருவிகளை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஆராய்ந்தது. திரும்பப் பெறக் காரணமான தரக் குறைகளில் ஏறத்தாழ 44 சதவீதம் வடிவமைப்பிலேயே புகுந்தவை என்று தெரிந்தது. தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், வரைபடத்தில் இருக்கும் தப்பு ஒவ்வொரு கருவியிலும் அச்சுப் பிசகாமல் வந்துவிடும். அதே காலத்தில்தான், 1985க்கும் 1987க்கும் இடையில், தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு எந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். அதன் முந்தைய மாடல்களில் இருந்த தடுப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு, மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்கள். 1990இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, 1996இல் டிசைன் கண்ட்ரோல் விதியாக வெளிவந்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின் ஐந்தாவது அட்டவணை, ஐ.எஸ்.ஓ. 13485 என்ற உலகத் தரத்தை ஒட்டி, வடிவமைப்பை எப்படித் திட்டமிட வேண்டும், சோதிக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை. "பயன்படுத்துபவரின் தேவை" என்ற தலைப்பின் கீழ் யாருடைய தேவையை எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி. அதை எனக்குப் புரிய வைத்தது தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் ஒரு நாள்.

எங்கள் வார்மரின் முதல் மாதிரி தயாராகி, ஆய்வுக்கூடச் சோதனைகள் எல்லாம் தேறியிருந்த சமயம். மலைப்பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதைக் கொண்டுபோய், உண்மையான குழந்தை இல்லாமல் பொம்மையை வைத்து, அங்கே இருக்கும் செவிலியர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்க அனுமதி வாங்கியிருந்தோம். வண்டியிலிருந்து இறக்கியதும் முதல் சிக்கல். பிரசவ அறையில் பெரிய பிளக் பாயின்ட் ஒன்றுதான். அதில் ஸ்டெரிலைசர் மாட்டியிருந்தது. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் அதைப் பிடுங்கிவிட்டு எங்களுடையதைச் சொருகினார். எங்கள் பொறியாளர் தம்பி என்னைப் பார்த்தான். எங்கள் ஃபைலில் எழுநூறுக்கு மேல் வரிகள். "இந்த அறையில் இன்னொரு கருவிக்கும் அதே பிளக் தேவைப்படும்" என்று ஒரு வரி கிடையாது.

பொம்மையின் எடை இரண்டரை கிலோ. சிஸ்டர் அதை வாங்கியவுடன் தலைக்கு அடியில் தானாகவே உள்ளங்கை போனது. துண்டால் துடைத்து, ஈரத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, காய்ந்த துண்டில் கிடத்தினார். வயிற்றில் ஒட்டும் சூடு அறியும் சென்சாருக்கு நாங்கள் பளபளவென்று வெள்ளி ஸ்டிக்கர் கொடுத்திருந்தோம். அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மைக்ரோபோர் பிளாஸ்டரில் இரண்டு துண்டு கிழித்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். ஏன் சிஸ்டர் என்று கேட்டேன். "இதெல்லாம் புது மெஷினோட ஒரு பாக்கெட் வரும். அது தீந்தா அப்புறம் எங்க போறது? இருக்கிறத வெச்சுதானே பழகணும்" என்றார். அவர் சொன்னது எங்களுக்குப் பெரிய செய்தி. ஏனென்றால் பிறந்த குழந்தையின் தோலில் வழுவழுப்பு இருக்கும், பிளாஸ்டர் பிடிக்காமல் சென்சார் நழுவும். நழுவிய சென்சார் அறையின் காற்றை அளக்கும். எந்திரமோ, குழந்தை குளிர்ந்துவிட்டது என்று எண்ணி இன்னும் இன்னும் சூட்டை ஏற்றும்.

பதினொன்றரை மணிபோல மின்சாரம் போனது. எங்கள் மாதிரி உடனே கூவியது. மின்சாரம் போனால் கூவ வேண்டும் என்பது இன்புட்டில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அதைப் பலமுறை சோதித்து, ஒவ்வொரு முறையும் 'பாஸ்' என்று நானே எழுதியிருக்கிறேன். அங்கே இருந்த இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான். சிஸ்டர் பொம்மையைத் துண்டோடு நன்றாகப் போர்த்தினார். அதற்குள் வெளியே யாரோ கூப்பிட, உதவிக்கு இருந்த அம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நாலைந்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. கூவல் நின்றது. அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போர்த்தியிருந்த துண்டை விலக்கி வைத்தார். வார்மர் ஓடும்போது மூடக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரியாகத்தான் செய்தார்.

ஆனால் வார்மர் ஓடவில்லை. மின்சாரம் திரும்பியதும் எங்கள் மாதிரியின் திரை விழித்துக்கொண்டு, எந்த மோட் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டபடி காத்திருந்தது. யாராவது பட்டனை அழுத்தும் வரை ஹீட்டர் வேலை செய்யாது. நாங்கள் குறுக்கிடக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்பது இந்தச் சோதனையின் முறை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் திரும்பி வரப் பதினான்கு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தப் பொம்மை திறந்த உடம்போடு குளிர்ந்த ஹீட்டருக்குக் கீழே கிடந்தது. கூவல் நின்ற அந்த நொடியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அறையில் இருந்த எல்லோரும் நினைத்தோம், என்னையும் சேர்த்துத்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்.

சிஸ்டர் திரையைப் பார்த்தார். கோபப்படவில்லை. "கரண்ட் வந்தா லைட்டு தானா எரியுது, ஃபேன் தானா சுத்துது. இது மட்டும் ஏம்மா யாராச்சும் வந்து தொடணும்னு காத்துக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியோடு நாங்கள் ஆபீஸுக்குத் திரும்பி வந்து இரண்டு நாள் சண்டை போட்டோம். வடிவமைத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மின்சாரம் போயிருந்த நேரத்தில் குழந்தையை எடுத்திருக்கலாம், சென்சார் கீழே விழுந்திருக்கலாம், அப்போது எந்திரம் தானாகச் சூடேற்றத் தொடங்கினால் ஆபத்து என்றார்கள். அதுவும் உண்மைதான். கடைசியில், சில நிமிடத்துக்குள் மின்சாரம் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும், அதற்கு மேல் போனால் ஹீட்டர் தொடங்காமல் யாராவது வந்து பார்க்கும் வரை கூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவானது. 'மின்சாரம் திரும்பியது' என்பதும் 'ஹீட்டர் வேலை செய்கிறது' என்பதும் காதுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தோம். சென்சார் நழுவினால் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை, வெள்ளி ஸ்டிக்கரோடு மட்டும் இல்லாமல் சாதாரண பிளாஸ்டரோடும் சோதிக்க வேண்டும் என்று மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதும் இடத்தில் அந்த நாளின் தேதியை எழுதினேன். அந்தச் சிஸ்டர் அன்று லீவில் இருந்திருந்தால் இந்த வரிகள் எதுவும் எங்கள் ஃபைலில் வந்திருக்காது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது என் வீட்டில் நடந்தது.

அப்பாவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. காலையில் இருபது யூனிட், ராத்திரி பன்னிரண்டு யூனிட் இன்சுலின், தானே போட்டுக்கொள்வார். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு உரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மாங்காய் சீசனில், பறிப்பு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த சமயம், அப்பா கடையில் சிரிஞ்ச் கேட்டிருக்கிறார். கிடைத்தது ஆரஞ்சு மூடி. வெயிலில் கண் கூசி வந்த எழுபது வயது மனிதருக்குச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் என்ன பெரிய வித்தியாசம் தெரியும்? எப்போதும்போல இருபதாவது கோடு வரை இழுத்துப் போட்டிருக்கிறார். ஆரஞ்சு மூடியில் இருபதாவது கோடு என்றால் 0.2 மில்லி. அவருடைய மருந்தில் அது எட்டு யூனிட்தான்.

ஒன்பது நாள் இப்படிப் போயிருக்கிறது. ராத்திரி நாலைந்து முறை எழுந்திருக்கிறார், நாக்கு வறண்டு போகிறது என்று அம்மா போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சர்க்கரை 380க்கு மேல். மருந்து டப்பாவைத் திறந்ததும் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தேன். தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு இழுத்திருந்தால், உள்ளே போவது ஐம்பது யூனிட். அப்பா தோப்பிலேயே மயங்கி விழுந்திருப்பார், நாங்கள் யாரும் பக்கத்தில் இருந்திருக்க மாட்டோம்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், "பார்த்து வாங்கியிருக்கணும்" என்றார்கள். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதாம்மா" என்றார். எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சிரிஞ்ச் தன்னளவில் குறையே இல்லாதது. கோடுகள் துல்லியம், ஊசி கூர்மை. சிவப்பு மூடி சிரிஞ்சும் அப்படித்தான். இரண்டும் ஒரே கடையில், ஒரே கண்ணாடிப் பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கப் போகின்றன என்பதில்தான் ஆபத்து. எங்கள் தொழிலில் ஆபத்தைக் கையாள ஐ.எஸ்.ஓ. 14971 என்று ஒரு தரம் உண்டு. அதில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் தடுப்பு வைக்க வேண்டும், எச்சரிக்கை எழுதுவதும் பயிற்சி கொடுப்பதும் கடைசி. மூடியின் நிறம் அந்தக் கடைசிப் படியைச் சேர்ந்தது. கடைசிப் படியில் வழுக்கி விழுந்தவரைப் பார்த்து, ஏன் பார்த்து நடக்கவில்லை என்று கேட்கிறோம்.

இதற்கெல்லாம் நேரமும் பணமும் எங்கே என்று சிறு உற்பத்தியாளர்கள் கேட்பார்கள். எனக்கு அவர்களையும் தெரியும். ஓசூர் சிப்காட்டில் லேத் பட்டறையாகத் தொடங்கி எலும்பு முறிவுக்கான பிளேட், ஸ்க்ரூ செய்கிற அளவுக்கு வளர்ந்த கைகளை மதிக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது திருவனந்தபுரத்துச் சித்திரை வால்வின் கதைதான். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்தபோது, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதிரிகளைக் கைவிட்டார்கள். மூன்றாவதில் நீலக்கல்லால் ஆன தட்டு வைத்திருந்தார்கள். செம்மறி ஆட்டின் இதயத்தில் பொருத்திப் பார்த்தபோது அந்தத் தட்டு உடைந்தது. நான்காவது மாதிரியில் ஒருவகைப் பாலிஎத்திலீன் தட்டைப் போட்டார்கள். அதுதான் 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அமெரிக்க விதி வருவதற்கு முன்பே, பக்கத்து மாநிலத்தில், தோற்றதை மறைக்காமல் எழுதி வைத்து, அடுத்ததைத் திருத்திச் செய்திருக்கிறார்கள். அந்த மூன்று தோல்விகளும் ஆய்வுக்கூடத்திலும் ஆட்டுத் தொழுவத்திலுமாக முடிந்தன. இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய நெஞ்சில் நடந்திருக்கும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கருவிகளுக்கு டெண்டர் விடும்போது, தரச் சான்றிதழோடு ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கட்டும்: இந்தக் கருவியின் வேலிடேஷன் எங்கே நடந்தது, எப்படிப்பட்ட அறையில், எத்தனை செவிலியர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் எதை மாற்றினீர்கள். ஃபைலை ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்தப் பக்கத்தை எழுத அரை நாள் போதும். எழுத முடியாத நிறுவனம் எது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அதோடு, எங்களைப் போன்றவர்கள் பொம்மையோடு வந்து கதவைத் தட்டினால் திறக்க ஒரு வழி வேண்டும். அந்த ஒரு நாள் அனுமதிக்காக நாங்கள் ஏழு மாதம் அலைந்தோம். யாரும் மறுக்கவில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த மேசையில் கையெழுத்தாக வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. மாவட்டத்துக்கு ஒரு அலுவலர், ஒரு விண்ணப்பம், நோயாளி யாரையும் தொடாத சோதனைக்கு ஒரு மாதக் கெடு என்று வைத்தால் போதும். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் சமவெளி, மலை, காடு எல்லாம் இருக்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வார்டில் கேட்கும். அஞ்செட்டியிலும் பென்னாகரத்திலும் ஒழுங்காக ஓடுகிற கருவியை நாட்டில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவி சரியில்லை என்றால் நீங்கள் பிளாஸ்டர் ஒட்டி, நூல் கட்டி, எப்படியோ சமாளித்து ஓட்டிவிடுகிறீர்கள். அந்தச் சமாளிப்பு எங்கள் காதுக்கு வருவதே இல்லை. 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. கருவியால் நேர்ந்த பாதிப்பையும், நேர இருந்து தப்பியதையும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். யார் மேலும் குற்றம் சுமத்துவதற்காக அது இல்லை. நீங்கள் சொன்னால் அது எங்கேயோ ஒரு டிசைன் ஃபைலில் புது வரியாக வந்து சேரும். அப்பாவின் சிரிஞ்ச் விஷயத்தை நானும் அதில் பதிவு செய்தேன்.

எங்கள் இரண்டாவது மாதிரி தயார். அதே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக இந்த முறை அனுமதி சீக்கிரமே கிடைத்துவிட்டது. எந்த நாள் வசதி என்று சிஸ்டரிடம் போனில் கேட்டேன். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.